அணைத்து வைத்த அப்டேட்

ரோஸியின் பையை தனசேகர் கண்ணாடிக் கவுண்டரின் மேல் கவிழ்த்தது ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் அந்த நேரத்தில் நடக்கவே இடம் இருக்காது. மொபைல் கடைக்குள்ளும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கழுவாத சாப்பாட்டு டப்பா, கணவன் தாவீதுக்கு வாங்கிய சர்க்கரை மாத்திரை அட்டை, சீப்பு, கசங்கிய பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் கண்ணாடி மேல் கொட்டின. துணியில் சுற்றி வைத்திருந்த நாப்கின் கவுண்டருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. புது போன் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் அதை எடுத்துக் கொடுக்கக் குனிந்து, என்னவென்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"வேற எங்க வெச்ச?" என்றான் தனசேகர்.

ஒரு டேப்லெட்டுக்குப் போடும் டிஸ்ப்ளே காணாமல் போயிருந்தது. ஸ்டாக் அலமாரியின் சாவி ரோஸியிடம் இருந்தது. அவ்வளவுதான் சாட்சி.

"நான் எடுக்கல சார். சாவி எங்கைல இருந்துச்சுன்னா நான்தான் எடுத்தேன்னு ஆயிடுமா?"

"அப்ப டிஸ்ப்ளேவுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?"

யாரோ சிரித்தார்கள். ரோஸிக்கு நாற்பத்தொரு வயது. அந்தக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்திருந்தாள். கொட்டிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். உள்ளே சர்வீஸ் மேஜையில் மகேஷ் விளக்கடியில் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கவுண்டரைச் சுற்றிப் போய் நாப்கினையும் அவளே பொறுக்கிக்கொண்டாள்.

"திங்கக்கிழமைலேருந்து வராத. போலீஸுக்குப் போகாம விடறேன், அதுவே பெரிசு," என்றான் தனசேகர்.

அடுத்த வாரம் அதே சாலையில் நான்கு கடைகளில் வேலை கேட்டாள். மூன்று கடைகளில் ஆள் தேவையில்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் கொஞ்சம் நல்லவர், "தனசேகர் கடைல இருந்தவங்கதானே நீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பம்மலில் அவர்கள் வீடு ஒரு தோல் பட்டறைக்குப் பின்சந்தில் இருந்தது. தாவீது பல்லாவரத்துக்கும் அனகாபுத்தூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினான். "வுடு ரோஸி. அவன் வாய் அவனுக்கு. கர்த்தர் பாத்துப்பாரு," என்றான். ரோஸியும் விடத்தான் பார்த்தாள். ஆனால் சோற்றைப் பிசையும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தப் பையன் கையை இழுத்துக்கொண்டது கண்ணுக்கு முன்னால் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பின்னாலிருந்து யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். மகேஷ். பக்கத்தில் வந்து நின்றான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"டிஸ்ப்ளே கெடச்சிடுச்சுக்கா."

"எப்போ?"

"மறுநாளே. ஞாயித்துக்கெழம கடைய கழுவும்போது ஷெல்ஃபுக்குப் பின்னாடி வுயுந்து கெடந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"சாராண்ட குடுத்தியா?"

"குடுத்தேன். 'ரோஸியக்காவ கூப்ட்டுக்கலாமா சார்'னும் கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

மகேஷ் கீழே நின்ற மின்சார ரயிலைப் பார்த்தபடி சொன்னான். "'இப்ப கூப்ட்டா தலைமேல ஏறி ஒக்காருவா. இருக்கட்டும் வுடு'ன்னாரு." பிறகு அவசரமாக, "எம்பேரு வெளிய வரக்கூடாதுக்கா. ரெண்டு புள்ளைங்க கீது," என்றான்.

"வராது," என்றாள் ரோஸி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தப்பு நடந்துவிட்டது, தெரியாமல் செய்துவிட்டான் என்று அதுவரைக்கும் மனதின் ஒரு மூலையில் தனசேகருக்காக அவளே வாதாடிக்கொண்டிருந்தாள். தெரிந்தே விட்டிருக்கிறான். ஒரு போன் போட்டிருந்தால் போதும். பம்மல் நிறுத்தம் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை. அனகாபுத்தூரில் நடத்துனர் வந்து எழுப்புகிற மாதிரி தோளைத் தட்டினார்.

தனசேகருக்குத் திருப்பிக் கொடுக்கும் வழி அவளுக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டிலிருந்து. எல்லம்மா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியைப் பெருக்கும் வேலைக்குப் போகிறவள். அவள் மகள் அஞ்சலி எட்டாம் வகுப்பு. பம்மலில் ஜெயப்ரியா மேடம் நடத்தும் டியூஷன் சென்டரில் படிக்கிறாள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடமெல்லாம் டேப்பில்தான். மே மாத ஆரம்பத்தில் ஒருநாள் காலை எல்லம்மா அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இத்த கொஞ்சம் பாருக்கா. தொட்டா அஞ்சு நிமிசம் கயிச்சு தொறக்குது. டியூசன்ல வேற, இந்த டேப்பு அவ்ளோதான், புச்சா மாத்தணும்னு சீட்டு குடுத்துகீறாங்க. நான் எங்க போவேன்?"

சீட்டை ரோஸி வாங்கிப் படித்தாள். மே மாதம் கடைசி ஞாயிறு பெற்றோர் கூட்டம். பழைய டேப்பைக் கொடுத்து, மேற்கொண்டு பணம் கட்டிப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். சப்ளை செய்வது தனசேகரின் கடை.

டேப்பைத் திருப்பிப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் இந்தச் சென்டருக்காக இதே மாதிரி நூற்று அறுபது டேப் கடைக்கு வந்து இறங்கின. மூன்று நாள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, பாட ஆப்பை ஏற்றிக் கொடுத்தது அவள்தான். தனசேகர் பின்னால் நின்று சொன்னான்: "மொதல் வேலையா ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணு. இல்லாத ஜனங்க. டேட்டா தீந்து போச்சுன்னா நம்மளத்தான் திட்டுவாங்க." அன்றைக்கு அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. அக்கறை என்றுகூட நினைத்தாள்.

அன்று மாலை டீ குடிக்கும்போது அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "டேப்புக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு. அதுக்குள்ள ஜனங்க மாத்தணும். மாத்துனாத்தான் நாம சாப்பிடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். ரோஸியும் சிரித்தாள்.

இப்போது செட்டிங்ஸைத் திறந்தாள். அது திறப்பதற்குள் எல்லம்மா தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். ரோஸி அப்டேட் இருக்கிறதா என்று தேடினாள். இரண்டு காத்துக்கொண்டிருந்தன. முதலாவது ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. இரண்டாவதைக் கம்பெனி போன நவம்பரில் அனுப்பியிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், மெமரி சீக்கிரம் நிரம்பி டேப் மெதுவாகும் குறை சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. ரோஸி அதை மூன்று முறை படித்தாள்.

உள்ளே இடம் போதவில்லை. அஞ்சலி சேர்த்து வைத்திருந்த வீடியோக்களை அவளையே கேட்டுக் கேட்டு அழித்தாள். டேப்போடு ஒட்டிக்கொண்டு வந்த, யாரும் விளையாடாத மூன்று விளையாட்டுகளை முடக்கினாள். சார்ஜ் பாதிக்கு மேல் ஏறும் வரை காத்திருந்து, தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். முதல் அப்டேட் இறங்கியதும் அன்றைய டேட்டா தீர்ந்தது. இரண்டாவதை மறுநாள் இறக்கினாள். டேப் அணைந்து எழுந்து, கம்பெனிப் பெயரைக் காட்டியபடி இருபது நிமிடம் அப்படியே நின்றது. அஞ்சலிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணும் ஆவாது. உள்ள எல்லாத்தையும் அடுக்கிக்கினு கீது. தொடாம இரு," என்றாள் ரோஸி.

எழுந்த பிறகும் ஒரு மணி நேரம் அது இழுத்தது. எல்லம்மா நம்பிக்கை விட்டு சமைக்கப் போய்விட்டாள். மதியம் அஞ்சலி கணக்குப் பாடத்தைத் தொட்டதும் அது டக்கென்று திறந்தது. அவள் அதை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

எல்லம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "அப்ப இந்த டேப்பே போதும்ல? இரு, நான் போய் மேடமாண்ட சொல்றேன். எல்லாப் புள்ளைங்களுக்கும் ஆவும்."

ரோஸி அவள் கையைப் பிடித்தாள். "இப்ப சொல்லாத."

"ஏன்?"

"கூட்டத்துக்கு இன்னும் மூணு வாரம் கீது. அவன் சரக்க எறக்கட்டும். எறக்குனப்புறம் தெரியட்டும்."

எல்லம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உன் பைய கொட்னானே, அதுக்கா?"

"அதுக்குத்தான்."

போன் டேட்டாவை வைத்து இரண்டு நாளைக்கு ஒரு டேப்தான் ஆகும். பம்மல் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கங்காதரனிடம் போனாள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு.

"வைஃபைக்கு மாசம் கட்டறதைக் கட்டித்தான் ஆகணும். நீ எடுத்தாலும் ஒண்ணுதான், எடுக்காட்டியும் ஒண்ணுதான்," என்றார். "பத்திலேருந்து ரெண்டு வரைக்கும் மெஷினைப் பாத்துக்க. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

ஓர மேஜையில் வரிசையாக ஆறு டேப்பை ஒரே நேரத்தில் போட இடம் இருந்தது. கோடை விடுமுறை என்பதால் டியூஷன் சென்டர் மூடிக் கிடந்தது; டேப்புகள் வீடுகளில்தான் இருந்தன. எல்லம்மா ஒருத்தியிடம் சொன்னாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். பட்டறைக்குப் போகிற வழியில் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போய், திரும்பும்போது வாங்கிக்கொண்டார்கள். ரோஸி காசு வாங்கவில்லை. எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: கூட்டம் வரைக்கும் சென்டரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏன் என்று கேட்டவர்களிடம், "மேடத்துக்கு நேர்ல காட்டுவோம், அப்பதான் நம்புவாங்க," என்றாள்.

எல்லா டேப்பும் சரியாகவில்லை. ஐந்து டேப்புகள் அப்டேட் ஏற்றியும் இழுத்துக்கொண்டேதான் இருந்தன. ஒன்று எழுந்திருக்கவே இல்லை. அதைக் கொண்டுவந்தவளிடம், "இது அப்டேட்டுல தீராது, போர்டு போயிருக்கு," என்று உள்ளதைச் சொல்லி அனுப்பினாள்.

அந்த நாட்களில் ரோஸி இளைத்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. தாவீது அதைக் கவனித்தான். ஒருநாள் காலை இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"புள்ளைங்க டேப்பு நல்லாவணும்னு பண்றியா, அவன் கெட்டுப்போவணும்னு பண்றியா?"

"ரெண்டும்தான்."

தாவீது இட்லியைப் பிட்டு வாயில் போட்டான். ரோஸி சட்னியை ஊற்றிவிட்டு, "இல்ல," என்றாள். "அவன் கெட்டுப்போவணும். அதான் மொதல்ல."

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மகேஷுக்குப் போன் செய்து, "கடைல இன்னா விசேசம்?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"பேஜாரா கீதுக்கா. நூத்தி அறுபது பொட்டி வந்து எறங்கிகீது, நிக்க எடமில்ல. திருப்பி எடுத்துக்க மாட்டாங்கன்ற கண்டிசன்லதான் வெல கொறச்சு வாங்கிகீறாரு."

அன்று மதியம் ரோஸி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாவீது மட்டும் ஆராதனைக்குப் போனான். ரோஸி பத்தரைக்கே எல்லம்மாவோடு டியூஷன் சென்டருக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் நீள ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டையில் தனசேகர் முன்னால் இருந்தான். மகேஷ் பெட்டிகளைத் தூக்கி வந்து மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கினான்.

ஜெயப்ரியா முதலில் பேசினாள். "எல்லாருக்கும் கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா போன வருஷம் முழுக்க க்ளாஸ் எடுக்கவே முடியல. ஒரு வீடியோ ஓப்பன் ஆகறதுக்குள்ள பெல் அடிச்சிடுது. தனசேகர் சார் டெக்னிக்கலா சொல்வார்."

தனசேகர் எழுந்தான். "டேப்புன்றது மெஷின். மனுஷனுக்கு வயசாகற மாதிரி அதுக்கும் வயசாகும். நான் வாயால சொல்லல, கண்ணால பாருங்க. யாராவது உங்க டேப்பைக் குடுங்க."

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கொடுத்தாள். அவள் முகத்தில் எதுவும் காட்டவில்லை. தனசேகர் பழையதை ஒரு கையிலும் பெட்டியிலிருந்து எடுத்த புதியதை ஒரு கையிலும் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தி, இரண்டிலும் பாட ஆப்பைத் தொட்டான்.

"இப்ப பாருங்க. புதுசு தொறந்துடும். பழசு சுத்திக்கிட்டே இருக்கும்."

பழையது திறந்தது. புதியது பெட்டியிலிருந்து வந்தபடியே இருந்தது. பாட ஆப்பை மட்டும் ஏற்றியிருந்தார்கள், அதற்கும் யாரும் அப்டேட் போட்டிருக்கவில்லை. அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹாலில் சின்னதாகச் சிரிப்பு எழுந்தது. "ஒண்ணு ரெண்டு நல்லா இருக்கும். வேற குடுங்க," என்றான். நான்காவது வரிசையிலிருந்து ஒன்று வந்தது. அதுவும் உடனே திறந்தது. மூன்றாவதை அவனே ஒருவர் மடியிலிருந்து எடுத்தான். அதுவும் திறந்தது. ஜெயப்ரியா எழுந்து வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கித் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தனசேகரின் கண் வரிசை வரிசையாக ஓடி, கடைசியில் ரோஸியிடம் வந்து நின்றது.

"மேடம், ஒரு நிமிஷம். அங்க பின்னாடி உக்காந்திருக்கே ஒரு பொம்பள, திருட்டுக் கேசுல நான் கடையை விட்டுத் துரத்துன ஆளு அது. அதுதான் இதுல கைவெச்சிருக்கு. உள்ள எதை ஏத்தி வெச்சிருக்கோ யாருக்குத் தெரியும்? உங்க பேங்க் பணம் போனா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பலர் திரும்பிப் பார்த்தார்கள். நடு வரிசையில் ஒரு பெண் டேப்பை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். ரோஸி எழுந்தாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். டிஸ்ப்ளே மறுநாளே கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கண்டெடுத்தவன் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். மகேஷ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஒட்டுநாடாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. ரோஸி அவனைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பிப் பேசினாள்.

"நான் ஒண்ணும் ஏத்தல மேடம். கம்பெனிக்காரங்க போன நவம்பர்லயே அனுப்புன அப்டேட்டு அது. செட்டிங்ஸ்ல போய் நீங்களே பாக்கலாம், தேதியோட கீது. அது வரக்கூடாதுன்னு எல்லா டேப்லயும் ஆஃப் பண்ணி வெச்சிருந்துச்சு. நூத்தி அறுபதுலயும்."

ஜெயப்ரியா கையிலிருந்த டேப்பில் தேடிப் படித்தாள். "யார் ஆஃப் பண்ணது?"

"நான்தான். இவரு பின்னாடி நின்னுகினு சொன்னாரு. நான் பண்ணேன்."

"ஜனங்களுக்கு டேட்டா மிச்சமாகட்டும்னுதான் சொன்னேன்," என்றான் தனசேகர். சொன்ன பிறகுதான், தானே ஒப்புக்கொண்டுவிட்டது அவனுக்கு உறைத்தது.

"சரி. மிச்சம் பண்ணீங்க," என்றாள் ஜெயப்ரியா. டீச்சராக இருந்தவள், குரல் உயரவில்லை. "டேப் ஸ்லோவா இருக்குன்னு நான் உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்? மாத்தணும், மாத்தணும்னுதானே சொன்னீங்க. ஒரு தடவையாவது இதைப் போட்டுப் பாத்தீங்களா?"

"மேடம், ஆயிரம் மாடல் விக்கறோம். ஒவ்வொண்ணுக்கும்…"

"இங்க இருக்கறது ஒரே மாடல்தான்."

எல்லம்மா எழுந்து நின்றாள். "அது திருடுச்சோ இல்லியோ எனக்குத் தெரியாது சார். எங்கொயந்த டேப்பு ஓடுது. நீ வித்த டேப்ப நீ ஓட்டிக் காட்லியே."

ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஜெயப்ரியா கையைக் காட்டி அவர்களை அமர்த்திவிட்டு, "பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போங்க," என்றாள் தனசேகரிடம். "ஆர்டர் வேணாம்."

மூன்று வாரமாக ரோஸி நினைத்து நினைத்துப் பார்த்தது அந்த நேரத்தைத்தான். மாடிப்படியின் மேல்முனையில் போய் நின்றாள். மகேஷால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நடையில் தூக்க முடியவில்லை. அவசரத்தில் தனசேகரே மூன்று பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கீழே படி தெரியாமல் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினான். பாதியில் ஒன்று நழுவி விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் குனிந்து எடுக்கும்போது மேலே பார்த்தான். ரோஸி கண்ணைத் திருப்பவில்லை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை குளிரும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றது பக்கத்தில் ஒரு குரல்.

சிவகுமார். கையுறை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். அவன் மகன் பத்தாம் வகுப்பு. கையில் டேப்பை வைத்திருந்தான். ரோஸியிடம் வராத டேப்புகளில் ஒன்று அது.

"இந்த அப்டேட்டு நவம்பர்லயே வந்துச்சா?"

"வந்துச்சு."

"எம்புள்ள ஜனவரில ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதுனான். டேப்புலதான். பாதிலயே நின்னு போச்சு. மறுபடி தொறக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு." அவன் டேப்பைத் திருப்பிப் பார்த்தான். "இதுலயும் நீதான் ஆஃப் பண்ணியா?"

நூற்று அறுபதிலும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். "ஆமா," என்றாள்.

அவன் டேப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினான்.

மிச்சமிருந்த டேப்புகளுக்கும் அப்டேட் போட ஜெயப்ரியா அவளைச் சென்டருக்கே வரச்சொன்னாள். நான்கு நாள் வேலை. சிவகுமாரின் டேப் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ரோஸி விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்துடறேன்," என்றாள்.

"வேணாம். பையன் அத்தத் தொடறதே இல்ல."

"அவரு சொல்லித்தான் நான்…" என்று ஆரம்பித்தாள்.

"அவன் சொன்னான், நீ செஞ்ச. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். வேற இன்னா?"

வரும் வழியில் எதுவும் வாங்காமல், யாரிடமும் பேசாமல் வந்தாள். தாவீதிடம் மட்டும் சொன்னாள். கூட்டத்தில் எல்லம்மா சொன்ன வார்த்தையும் அவளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்த வீட்டில் ஒன்பது வருடம் இருக்கிறவள். ரோஸிக்காகத்தான் எழுந்து நின்றாள். அந்த எல்லம்மாவுக்குமே 'திருடுச்சோ இல்லியோ' தெரியாது. கேட்டுவிடலாம் என்று ரோஸி இரண்டு மூன்று முறை போனாள். எல்லம்மா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

ஜூலையில் மகேஷ் வேலையை விட்டு வண்டலூரில் வேறொரு கடையில் சேர்ந்தான். சொல்லிவிட்டுப் போக ஜெராக்ஸ் கடைக்கு வந்தான்.

"அங்க கொஞ்சம் காலூனிக்கறேன்க்கா. அப்பால டிஸ்ப்ளே விசயத்த எல்லாராண்டயும் நானே சொல்றேன்."

"சொல்லு," என்றாள் ரோஸி. அவன் இன்னும் சொல்லவில்லை.

ஜெராக்ஸ் கடையின் ஓர மேஜை அவளுக்கே ஆகிவிட்டது. சென்டர் பிள்ளைகள் தவிர வெளியாட்களும் மெதுவாகிப்போன போன், டேப் எல்லாம் கொண்டுவந்தார்கள். வெளியாட்களிடம் காசு வாங்கினாள். கங்காதரன் தூக்கத்தை நான்கு மணி வரை நீட்டிக்கொண்டார்.

செப்டம்பரில் ஒருநாள் மதியம், சார்ஜ் போடப் பிளக் பலகை ஒன்று வாங்க சண்முகம் சாலைக்குப் போனாள். தனசேகரின் கடை பாதியாகியிருந்தது. விற்காத டேப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடிக்குள் நிற்க, சர்வீஸ் மேஜை இருந்த பக்கத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்து ஒரு ஜூஸ் கடைக்கு விட்டிருந்தான். ரோஸி ரோட்டில் நின்று பார்த்தாள். பிறகு ஜூஸ் கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சாத்துக்குடி. ஐஸ் வேணாம்," என்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரத்தில் தனசேகர் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். போனை எடுத்து எதையோ தேடுகிறவன் போலத் தள்ளிக்கொண்டே இருந்தான். கடையில் வேறு யாருமில்லை. ரோஸி ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

தனசேகர் போனைக் கவிழ்த்து வைத்தான். "இப்பத் திருப்தியா உனக்கு?" என்றான். குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

ரோஸி நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பழம் பிழிகிற ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்ல சார்," என்றாள். காலி கிளாஸைப் பலகையில் வைத்து, அந்த ஆளிடம் இன்னொன்று போடச் சொன்னாள்.